கடலை விளைந்த மேடும் கரியமில வாயுவும்

நிலவியல் படித்தவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்பது ஒரு பாறையின் பெயர். 1863-ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்துப் பெயர் பெற்ற ராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தை ஆராய்ந்து 1873-ல் வெளியிட்ட நூலில் இந்த வட்டாரத்தின் களிப்பாறைகளையும் மணற்பாறைகளையும் விரிவாக எழுதினார். 1879-ல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஓட்டோகார் ஃபைஸ்ட்மாண்டல் அந்தப் பாறைகளில் பதிந்து கிடந்த இலைகளைப் படங்களோடு விவரித்தார். சைகஸ் செடியின் ஓலையைப் போன்ற டிலோஃபில்லம், பெரணிகள், ஊசியிலை மரங்களின் கிளைகள் என்று ஒரு காடே கல்லாகியிருந்தது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அந்த இலைகள் மூச்சு விட்ட காலத்தில் காற்றில் கரியமில வாயு இன்றைக்கு உள்ளதைவிட அதிகம். சில மதிப்பீடுகளின்படி இரண்டு மடங்குக்கும் மேல். பயறு, கடலை, துவரை எல்லாம் அடங்கிய அவரைக் குடும்பம் பூமியில் தோன்றுவதற்கு அப்போது இன்னும் ஐந்து கோடி ஆண்டுகள் மிச்சம் இருந்தன.

காற்று மாறக்கூடியது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. ஆனால் அந்தப் பழைய மாற்றங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டவை. இப்போது நடக்கும் மாற்றமோ ஒரு விதை ரகத்தின் ஆயுளுக்குள் நடந்துவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இன்று கார்களும் லாரிகளும் கைபேசிகளும் உருவாகும் மேட்டின் கதையை இந்தக் கோணத்தில் யாரும் அதிகம் சொன்னதில்லை.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரித் தண்ணீர் பாயும் நிலம் கழனி. பாயாத மேடு கொல்லை. கழனிக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் உண்டு. கொல்லைக்கு வானம் பார்த்த ஆடிப்பட்டம்தான். கேழ்வரகு, கம்பு, எள், அவற்றின் ஊடே காராமணி, துவரை, உளுந்து, பிற்காலத்தில் வேர்க்கடலை. வரலாற்று ஆவணங்களில் கழனிக்குக் கிடைத்த இடம் கொல்லைக்குக் கிடைக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில், பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையை நுணுக்கமாகச் சொல்கிறது. 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற செங்கல்பட்டுப் பகுதியை, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். சுமார் 2000 ஊர்கள். எங்கே ஏரி, எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் பதிவாயின. 1794-ல் வந்த கலெக்டர் லயோனல் பிளேஸ் உடைந்த ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். வரி நெல்லில் இருந்தது. அதனால் கணக்கெழுதியவரின் கண்ணும் நெல்லின் மேலேயே நின்றது. சோற்றோடு சேரும் பருப்பு விளைந்த மேடு ஓரக்குறிப்பாகவே போயிற்று.

பிளேஸ் தன் பெரிய அறிக்கையை முடித்தது 1799-ல். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1804-ல், ஜெனீவாவைச் சேர்ந்த நிக்கோலா தியோடர் தெ சொசூர் தாவர வேதியியல் பற்றிய தன் நூலை வெளியிட்டார். கண்ணாடிக் கலங்களுக்குள் பட்டாணிச் செடிகளை வைத்து, வெவ்வேறு அளவில் கரியமில வாயுவைக் கலந்து பார்த்தவர் அவர். வெயிலில் வைத்த செடிகள், அந்த வாயு ஓரளவு கூடிய காற்றில், சாதாரணக் காற்றில் இருந்தவற்றைவிடச் செழித்தன. நிழலில் அதே காற்று செடிகளுக்குக் கெடுதலாயிற்று. அளவை மேலும் ஏற்றியபோது வெயிலில் இருந்தவையும் வாடின. கூடுதல் கரியமில வாயு செடிக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கு முதல் விடைகளில் ஒன்று ஒரு பயறுச் செடியிடமிருந்து வந்தது. அந்த விடையிலேயே நிபந்தனையும் இருந்தது: மற்றவை சரியாக இருந்தால் மட்டுமே லாபம். இருநூறு ஆண்டு ஆராய்ச்சி அந்த நிபந்தனையைத்தான் திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கிறது.

அன்றைய காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. துருவப் பனிக்கட்டியில் சிறைப்பட்ட குமிழிகள் தரும் கணக்கு இது.

வேர்க்கடலை இந்த மேட்டுக்கு வந்தது தெற்கிலிருந்து. தென் அமெரிக்காவில் பிறந்த அந்தச் செடி 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் பரவியது. பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. வானம் பார்த்த நிலத்துக்கு முதன்முதலாகக் கையில் காசு தந்த பயிர்களில் அது ஒன்று. பிறகு வடக்கே செங்கல்பட்டு, வடார்க்காடு எனப் பரவிற்று. குடியாத்தம் பகுதியில் விளைந்த கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கி எடுத்து, திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டிஎம்வி 2 என்ற ரகம் தென்னிந்தியா முழுவதும் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் நிலைத்தது. அந்த ரகம் தேர்வானபோது காற்றில் கரியமில வாயு சுமார் 310.

அந்த எண்ணை அங்கே நிறுத்திவிட்டு நெடுஞ்சாலைக்கு வரலாம். சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் நேரடியாக அளக்கத் தொடங்கிய 1958-ல் அது 315. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த 1998-ல் சுமார் 367. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறந்த 2010-ல் 390. அதே ஒரகடத்தில் டைம்லர் லாரிகளைச் செய்யத் தொடங்கிய 2012-ல் 394. இடையில் 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் மூடிவிட்டுப் போயிற்று; காற்றின் எண் நிற்கவில்லை. 2024-ன் சராசரி ஏறத்தாழ 425. டிஎம்வி 2 பிறந்த நாள் முதல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். மேட்டுக் கொல்லையில் கடலை போட்ட குடும்பம் யாரும் கேட்காமலேயே ஒரு பெரிய சோதனைக்குள் தன் நிலத்தைக் கொடுத்துவிட்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவது நல்லது. தொழிற்சாலைகளும் லாரிகளும் நிறைந்த இடம் என்பதால் இந்தக் காற்றில் மட்டும் கரியமில வாயு மிகுந்து, அதனால் பக்கத்துக் கொல்லைக்கு யோகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாயு உலகக் காற்றோடு கலந்துவிடுவது. டெட்ராய்ட்டில் விட்டதிலும் ஷாங்காயில் விட்டதிலும் சுங்குவார்சத்திரத்துக் கொல்லைக்கும் பங்கு வரும். ஊருக்குள் தங்கித் தீங்கு செய்வது வேறொன்று. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. பீன்ஸ், சோயா போன்ற பயறுகள் ஓசோனுக்கு எளிதில் பாதிக்கப்படுபவை. இலையின் வேலைத் திறனை அது குறைத்துவிடும். உலகம் தரும் கூடுதல் கரியை உள்ளூர்ப் புகை தட்டிப் பறிக்கக்கூடும்.

கரியமில வாயு கூடினால் பயறுக்கு ஏன் லாபம்? ஒளிச்சேர்க்கையில் அந்த வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதிக்கு ஒரு பழைய குறை உண்டு. சில நேரம் அது ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. செடி சேர்த்த சர்க்கரையில் ஒரு பகுதி அதனால் வீணாகிறது. வெயில் ஏற ஏற இந்த வீண் கூடும். காற்றில் கரியமில வாயு அதிகமானால் தவறு குறையும். நெல்லும் எல்லாப் பயறுகளும் இந்த வகை. இவற்றை சி3 தாவரங்கள் என்பார்கள். கேழ்வரகும் கம்பும் சோளமும் சி4. இலைக்குள்ளேயே அந்த வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்கு முன்பே இருப்பதால், கூடுதலால் பெரிய பயன் இல்லை. ஆக, கேழ்வரகின் ஊடே காராமணி போட்ட பழைய கொல்லையில் ஒரே காற்று ஒன்றுக்கு ஊட்டமாகவும் இன்னொன்றுக்கு ஏறக்குறைய வெறும் காற்றாகவும் இருக்கிறது.

பயறுக்கு இன்னொரு கூடுதல் வசதி வேரில் இருக்கிறது. 1886-ல் ஹெர்மன் ஹெல்ரீகல் அறிவித்த உண்மை அது: வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன, கைம்மாறாகச் செடி சர்க்கரை தருகிறது. மற்றப் பயிர்கள் கூடுதல் கரியால் வேகமாக வளரத் தொடங்கியதும் மண்ணில் நைட்ரஜன் போதாமல் திணறும். பயறு, கையில் மிகுந்த சர்க்கரையை முடிச்சுகளுக்கு அனுப்பிக் கூடுதல் நைட்ரஜனை வாங்கிக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வயலில் எவ்வளவு கிடைத்தது? மூடிய கண்ணாடிக் கூடங்களில் செய்த பழைய சோதனைகள் பெரிய லாபத்தைக் காட்டின. பிறகு, கூடம் எதுவும் இல்லாமல் திறந்த வயலைச் சுற்றிக் குழாய்களை நட்டு வாயுவைப் பாய்ச்சும் முறை வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2001 முதல் சோயா வயலில் இப்படிச் செய்தது. 550 பங்கு அளவில் விளைச்சல் சுமார் 15 விழுக்காடு கூடியது. கூடச் சோதனைகள் எதிர்பார்க்க வைத்ததில் ஏறக்குறைய பாதி. அதே வயலில் எட்டு ஆண்டுகள் எடுத்த கணக்கை 2016-ல் வெளியிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. வறட்சி கடுமையான ஆண்டுகளில் அந்த லாபமும் கரைந்து போயிற்று. கரியமில வாயு கூடினால் இலைத்துளைகள் சற்று மூடிக்கொள்ளும், நீர் மிச்சமாகும், அதனால் வறட்சியில் பயன் அதிகம் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை அந்த வயலில் பொய்த்தது.

ஐதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நம் பயிர்களையே எடுத்துக்கொண்டது. மேலே திறந்த கூண்டுகளில் 550, 700 என்ற அளவுகளில் உளுந்து, துவரை, வேர்க்கடலை வளர்த்தார்கள். செடியின் மொத்த எடையும் வேரும் காய்ப்பும் கூடின. ரகத்துக்கு ரகம் வேறுபாடு பெரிதாக இருந்தது. அதே நிறுவனத்தில் வேர்க்கடலை இலையைப் புரொடீனியா புழுவுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். கூடுதல் கரியில் வளர்ந்த இலையில் நைட்ரஜன் நீர்த்துப் போயிருந்தது. சத்துக் குறைந்ததால் புழு அதிக இலையைத் தின்றது, புழுவாக இருக்கும் நாட்களும் நீண்டன. செழித்த இலையில் ஒரு பங்கு புழுவுக்குப் போகும் என்பதை மருந்தடிக்கும் செலவைக் கணக்கிடும் எவரும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட இந்த மேட்டுக்கு நெருக்கமான சோதனை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது. வர பிரசாத் என்ற இந்திய விஞ்ஞானியும் உடன் பணியாற்றியவர்களும் வேர்க்கடலையை 350, 700 என இரண்டு காற்றளவுகளில், நான்கு வெப்பநிலைகளில் வளர்த்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். கரியமில வாயுவை இரட்டிப்பாக்கியதால் விளைச்சல் சுமார் 30 விழுக்காடு கூடியது. பகல் 32, இரவு 22 டிகிரியிலிருந்து பகல் 36, இரவு 26-க்கு ஏற்றியபோது விளைச்சல் 14 விழுக்காடு குறைந்தது. 40, 30-ல் 59 விழுக்காடு. 44, 34-ல் 90 விழுக்காடு. கரியமில வாயு எவ்வளவு இருந்தாலும் இந்தச் சரிவைத் தடுக்கவில்லை.

காரணம் பூவில் இருக்கிறது. கடலைப் பூ விடியலில் விரியும். காலைக்குள் கருவுறுதல் முடிந்தாக வேண்டும். பூ உருவாகும் நாட்களிலும் விரியும் வேளையிலும் வெப்பம் மிகுந்தால் மகரந்தம் செத்துப்போகும். கருவுறாத பூவிலிருந்து விழுது இறங்காது. விழுது மண்ணுக்குள் போகாவிட்டால் காய் இல்லை. விதைத்த 45ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார்களே, அந்த உழைப்பு முழுவதும் அந்த விழுதுக்காகத்தான். இலை பச்சைப் பசேல் என்று இருக்கும், செடியைப் பிடுங்கினால் அடியில் நாலு காய் தொங்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தை, மாசியில் இறவைப் பாசனத்தில் போடும் கடலை தாமதமானால் காய் பிடிக்கும் காலம் கத்திரி வெயிலை நெருங்கிவிடுகிறது.

மழையும் இதில் சேர வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கார் நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்தின. அந்தச் செய்தி நாடெங்கும் போனது. பயறுக்கும் இத்தகைய மழை கெடுதல்: நீர் தேங்கிய மண்ணில் வேர் முடிச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, சில நாட்களில் அது செயலிழக்கும். நெல் தாங்கும் வெள்ளத்தைப் பயறு தாங்காது.

நிலத்தின் கதை இன்னும் வேகமாக மாறியது. ஏரி நீர் எட்டாத மேடு தொழிற்பேட்டைக்கு வசதியானது: வெள்ளம் எளிதில் தங்காது, நஞ்சையைவிட மதிப்பும் குறைவு. சிப்காட் வளாகங்கள் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று விரிந்தன. பல்லாயிரம் பேருக்கு அதனால் வேலை கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் மனை வரும், ஆலை வரும் என்று விதைக்காமல் போட்ட கொல்லைகளில் இன்று மண்டி நிற்பது சீமைக் கருவேலம். அதுவும் அவரைக் குடும்பம், சி3, வேரில் முடிச்சும் உண்டு. ஆழத்துத் தண்ணீரை எட்டும் வேரும் அதற்கு இருக்கிறது. கூடுதல் கரியமில வாயுவைப் பயன்படுத்திக்கொள்ள இந்த மேட்டில் மிகவும் தயாராக இருக்கும் அவரைக் குடும்பச் செடி அந்த முள்தான் என்பது வருத்தமான உண்மை.

பருப்பு தின்னும் வாய்களோ இங்கே பெருகிவிட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த விடுதி ஒன்றில் மட்டும் 18,720 படுக்கைகள். அத்தனை பேருக்கும் தினமும் சாம்பார் வேண்டும். உலகில் அதிகம் பருப்பு விளைவிப்பதும் தின்பதும் இறக்குமதி செய்வதும் இந்தியாதான்; மியான்மரிலிருந்து உளுந்தும் மொசாம்பிக்கிலிருந்து துவரையும் வருகின்றன. அந்தச் சாம்பாரின் மதிப்பு இனி கூடத்தான் போகிறது. 2014-ல் நேச்சர் இதழில் சாமுவேல் மையர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 550 பங்கு கரியமில வாயுவில் விளைந்த அரிசியில் புரதம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது. பட்டாணியிலும் சோயாவிலும் புரதம் பெரிதாகக் குறையவில்லை, முடிச்சுகள் காப்பாற்றின. துத்தநாகமும் இரும்பும் மட்டும் அவற்றிலும் சரிந்தன: பட்டாணியில் துத்தநாகம் ஏறக்குறைய 7 விழுக்காடு, இரும்பு 4 விழுக்காடு. ரத்தசோகை பரவலாக உள்ள நாட்டில், அரிசியோடு பருப்பைச் சேர்த்துத் தின்பவருக்கு இந்த எண்கள் சிறியவை அல்ல.

என்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் விதையில் இருக்கிறது. ஐதராபாத் கூண்டுகள் காட்டியபடி ரகங்களுக்குள் வேறுபாடு நிறைய. கூடுதல் கரியை இலையாக்காமல் காயாக்கும் ரகம், 38 டிகிரியிலும் மகரந்தம் பிழைக்கும் ரகம் என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் புதிய ரகங்களைத் தந்துகொண்டிருக்கிறது; கடலையில் ஆந்திராவின் கதிரி நிலையத்து ரகங்கள் தமிழ்நாட்டுக் கொல்லைகளுக்குள் வந்துவிட்டன. ஆனால் கடலை விதை மெதுவாகப் பெருகுவது. ஒரு மூட்டை விதைத்தால் எட்டு, பத்து மூட்டைதான் திரும்பும்; எண்ணெய்ச் சத்தால் விதையின் முளைப்புத்திறனும் நீண்ட நாள் நிற்காது. ஒரு புதிய ரகம் ஒரு மாவட்டத்தை நிறைக்கப் பல பட்டங்கள் ஆகும். காற்றின் எண் ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்று ஏறுகிறது. 1940-ல் தேர்ந்த ரகம் அரை நூற்றாண்டுக்கும் மேல் கொல்லையில் நின்றதுபோல் இனி ஒரு ரகம் நிற்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளுக்கு அப்பால் இன்னும் கடலை போடும் ஊர்களில் விதைப் பண்ணைகள் அடிக்கடி ரகத்தை மாற்றித் தர வேண்டியிருக்கும். அதற்கான ஆளும் நிலமும் பணமும் இப்போதே ஒதுக்கப்பட வேண்டும்.